ஆற்றுக்கு அப்பால் நின்ற புகைவண்டி

சிற்றூர்கள் சாவது இயற்கையாம்! பொருளியல் மேதைகள் பேசுகின்றனர். பெரிய ஏடுகள் அதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. எந்திரம் வயலுக்கு வரும், ஆள் தேவை குறையும், இளைஞன் நகரம் தேடிப் போவான், பள்ளியில் பிள்ளைகள் குறைவர், கடை மூடும், அஞ்சலகம் மூடும், பிறகு ஊர் மூடும். மழை பொழிவதுபோல, வெயில் காய்வதுபோல இதுவும் ஒன்று. இதற்காக எவரையும் கூண்டிலேற்ற முடியாது என்கின்றனர். அத்தோடு நிறுத்துகின்றனரா? இல்லை. செத்த ஊர் ஏழைகளின் ஊராக இருந்துவிட்டால், “நிலம் கொடுத்தார்களே, காப்பாற்றத் தெரியவில்லையே!” என்று ஓர் அனுதாபப் பெருமூச்சையும் சேர்த்துக்கொள்கின்றனர்.

தோழர்களே! அந்தப் பெருமூச்சுக்கு விடையாக ஓர் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க நாட்டின் நடுவில், கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் மாவட்டத்தில் இருக்கிறது அவ்வூர். பெயர் நிக்கோடிமஸ். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கோதுமை விளையும் சமவெளி. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவ்வூரில் இருந்தவர்கள் 14 பேர். பதினான்கு நூறு என்று படித்துவிடாதீர்கள்; பதினான்கே பேர்.

அந்தப் பதினான்கு பேருக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுப் பொருளியல் இருக்கிறது. அதை விரித்துப் பார்ப்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. நாற்பது இலட்சம் கருப்பின அடிமைகள் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவன் எதை உண்பான்? எங்கே உறங்குவான்? எந்தத் தோட்டத்தில் சவுக்கடி பட்டானோ, அதே தோட்டத்துக்காரனிடம் வாரத்துக்கு உழவேண்டியதுதானா? இந்தக் கேள்விக்கு விடையாக அவ்வாண்டு ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கடலோர நிலத்தைப் பிரித்து, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை அந்த மக்களுக்கு விடவேண்டும் என்பது ஆணை. மக்கள் ஏர் பூட்டினர். லிங்கன் கொல்லப்பட்டபின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன், அதே 1865ஆம் ஆண்டு முடிவதற்குள், அந்த நிலத்தைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுக்க வழிசெய்தார். விதைத்தவன் ஒருவன், வேலியைத் திரும்பப் பெற்றவன் வேறொருவன்!

அப்படியானால் கொடுப்பதற்கு அமெரிக்க அரசிடம் நிலமே இல்லையா? இருந்தது. ஏராளமாக இருந்தது. 1862 முதல் சில ஆண்டுகளுக்குள் இருப்புப் பாதைக் குழுமங்களுக்கு அள்ளி வழங்கப்பட்ட நிலத்தையும், அதற்கு முன்னும் பின்னும் வழங்கியதையும் சேர்த்தால், மத்திய அரசு கொடுத்தது ஏறத்தாழ 13 கோடி ஏக்கர். முதலாளிக்குக் கோடி ஏக்கர். உழைப்பாளிக்கு நாற்பது ஏக்கர். அதில் நாற்பதுதான் நாட்டுக்குத் தாங்காத சுமையாகிவிட்டது!

போரில் தோற்ற தென்னாட்டுப் பண்ணையாளர்கள், முகமூடியும் தூக்குக் கயிறுமாக மீண்டும் தலைதூக்கினர். கருப்பரின் வாக்குரிமைக்குக் காவலாக அங்கே மத்தியப் படை நின்றது. தகராறான ஒரு தேர்தலில் பதவியைப் பெறுவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, ஹேயஸ் 1877 ஏப்ரலில் அப்படையை விலக்கிக்கொண்டார். நாற்காலி ஒருவருக்குக் கிடைத்தது. இலட்சக்கணக்கானோர் ஓநாய்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

அதே 1877 ஏப்ரலில், கான்சாஸில் நிக்கோடிமஸ் ஊர்க் குழுமம் என்ற ஒன்று அமைந்தது. எழுவர் அதில். அறுவர் கருப்பர், ஒருவர் வெள்ளையர். தலைவர் ஸ்மித் என்னும் கருப்பினத்தவர். கருவூலர் ஹில் என்னும் வெள்ளைக்கார மனை வணிகர். கென்டக்கி மாநிலத்தில் துண்டறிக்கைகள் பறந்தன. ஐந்து டாலர் தந்தால் கான்சாசுக்குப் போகலாம். அங்கே 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, சிறு கட்டணம் கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தமாகும். மண் வளமானது, வேட்டைக்கு விலங்கு உண்டு, பிடித்துப் பழக்கக் காட்டுக் குதிரை உண்டு என்று ஹில் மேடையில் முழங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையன்று. அந்த 160 ஏக்கர் அரசின் பாட்டன் வீட்டுச் சொத்தன்று. பானி, செயேன் முதலிய பழங்குடிகள் வாழ்ந்த, எருமை மேய்ந்த வெளி அது. கான்சா என்ற பழங்குடியின் பெயரையே மாநிலத்துக்குச் சூட்டிக்கொண்டு, அந்தக் குடியை 1873இல் தெற்கே ஓட்டிவிட்டார்கள். ஒருவனிடமிருந்து பறித்ததை இன்னொருவனுக்கு வாக்களித்தார்கள். பின்னர் அவனிடமிருந்தும் பறித்தார்கள்.

1877 செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து சுமார் 300 பேர் எல்லிஸ் என்ற நிலையம்வரை புகைவண்டியில் வந்தனர். அங்கிருந்து நிக்கோடிமசுக்குப் பாதையில்லா வெளியில் ஏறத்தாழ 35 மைல் நடை. வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, ஒரு மதபோதகரின் மனைவி, மறு ஆண்டு வசந்தத்தில் வந்த கூட்டத்தில் இருந்தார். “இதோ நிக்கோடிமஸ்!” என்று ஆடவர் கூவியபோது, ஊர் எங்கே என்று கேட்டாராம் அவர். தரையிலிருந்து கிளம்பிய புகையைக் காட்டினார்களாம். வீடு இல்லை, கூரை இல்லை, மண்ணைக் குடைந்து உள்ளே மனிதர் வாழ்ந்தனர். அந்த அம்மையார் அழுதுவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

மரமே இல்லாத வெளியில் மரவீடு எப்படிக் கட்டுவது? ஆற்றங்கரைச் சரிவைத் தோண்டி வளைபோலாக்கினர். புல்வேரோடு மண்ணைப் பெயர்த்து மேலே மூடினர். வந்தவர்களில் சில குடும்பங்கள் மறுநாளே திரும்பின. ஏமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரத்தில் ஹில்லைத் தேடியது ஒரு கூட்டம். அவர் ஒளிந்து தப்பினார் என்பது ஊர் வழங்கும் செய்தி. முதற் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் தம் இறைச்சியில் பங்கு கொடுத்துக் காத்தனர் என்பதையும் அவ்வூர் மறக்காமல் சொல்லிவருகிறது. துண்டறிக்கை அச்சிட்டவன் கொடுக்காத உணவை, துரத்தப்பட்டவன் கொடுத்தான்!

வசந்தம் வந்தது. ஏரிழுக்கக் குதிரை எத்தனை பேரிடம் இருந்தது? விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் மண்வெட்டியாலும் கொத்தாலும் அந்தக் கன்னி நிலத்தைப் பிளந்தனர். புல்வேர் பின்னிக் கிடக்கும் அந்த மண்ணை எஃகுக் கலப்பை கிழிக்கவே இரண்டு இணைக் குதிரை வேண்டும் என்பார்கள். இவர்கள் கையால் கிழித்தனர். ஜென்னி ஃபிளெட்சர் என்ற பெண் மண்குழி வீட்டில் பள்ளி நடத்தினார். முதல் ஓராண்டில் கான்சாஸின் பிற ஊர்களுக்கு ஆளனுப்பி உணவும் விதையும் உதவி கேட்டனர், உதவி வந்தது. ஆனால், சோம்பேறிகள், கையேந்திகள் என்று நம் காலத்து மேதைகள் கருதக்கூடும் அல்லவா, அந்த மக்கள் 1879இல் என்ன செய்தார்கள் தெரியுமா? கூடிப் பேசி, இனி எவரிடமும் தானம் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். வயிறு நிறைந்தபின் எடுத்த முடிவன்று அது. முதல் நல்ல அறுவடையைக் கூடச் சரிவரப் பார்க்காத மக்கள் எடுத்த முடிவு.

பிறகு வளர்ந்தது ஊர். எப்படி வளர்ந்தது! மண்குழி போய்ச் சுண்ணக்கல் வீடுகள் எழுந்தன. கடைகள், விடுதிகள், கோயில்கள், ஒரு வங்கி, பந்தாட்டக் குழு, இலக்கியக் கழகம், 1886இலும் 1887இலும் தொடங்கிய இரண்டு செய்தித்தாள்கள். ஆம், இரண்டு செய்தித்தாள்கள்! எழுதப் படிக்கக் கற்பித்தால் தண்டனை என்று தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டமிருந்த காலத்தில் பிறந்த மக்கள், செய்தித்தாள் வெளிவரும் ஊரை எழுப்பினார்கள். அந்த ஊரிலிருந்து எழுந்த எட்வர்ட் மெக்கேப் என்பவர் 1882 தேர்தலில் கான்சாஸ் மாநிலம் முழுவதும் வாக்குப் பெற்று மாநிலக் கணக்குத் தணிக்கையாளரானார். 1884இல் மீண்டும் வென்றார். தென்னாட்டில் கருப்பன் வாக்குச்சாவடிப் பக்கம் போனால் உயிர் தப்பாத நாளில், வெள்ளையர் பெரும்பான்மையான மாநிலத்தின் கணக்குப் புத்தகம் ஒரு கருப்பர் கையில் இருந்தது.

இந்த ஊர்தான் தன்னால் அழிந்ததாம்! காப்பாற்றத் தெரியாமல் கெட்டதாம்!

கோதுமை விளைவிப்பவனின் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். சமவெளியில் விளைவது குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்தால், பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, கோடையில் முற்றும். அந்தக் கோதுமையை உழவன் தானே தின்று தீர்ப்பதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஆலைக்கும் துறைமுகத்துக்கும் அது போயாகவேண்டும். எடை மிகுந்த சரக்கு. விலை குறைந்த சரக்கு. குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு மைலும் உழவன் பங்கைத் தின்றுகொண்டே போகும். தண்டவாளத்தின் ஓரத்தில் உயர்ந்து நிற்கிறதே தானியக் கிடங்கு, அதுதான் சந்தை. அதை நடத்துபவன் சொல்வதே தரம். அவன் சொல்வதே எடை. அவன் சொல்வதே விலை. நீர் இல்லாவிட்டால் கிணறு தோண்டலாம். தண்டவாளம் இல்லாவிட்டால் எங்கே தோண்டுவது?

ஆகவே சமவெளி ஊர்கள் எல்லாம் இருப்புப் பாதைக்காகத் தவமிருந்தன. அந்தத் தவத்துக்குக் குழுமங்கள் ஒரு விலை வைத்திருந்தன. “பாதை வேண்டுமா? கடன் பத்திரம் எழுதிக் கொடு” என்றன. அரசு இலவசமாகத் தந்த நிலம் போதாதென்று, ஊர் மக்கள் தங்கள் மீது தாங்களே வரி போட்டு, அந்தப் பணத்தைக் குழுமத்துக்குச் செலுத்தவேண்டும். கொடுத்த ஊரில் வண்டி நிற்கும். கொடாத ஊரில் புல் முளைக்கும். கொள்ளைக்காரன் துப்பாக்கி காட்டுவான். இவர்கள் வரைபடத்தைக் காட்டினார்கள்.

நிக்கோடிமஸ் மக்கள் மறுத்தார்களா? இல்லை. 1887இல் மிசௌரி பசிபிக் குழுமத்துக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் கொடுக்க வாக்களித்தார்கள். பத்தாண்டுக்கு முன் மண்ணுக்குள் வாழ்ந்தவர்கள் தந்த 16,000 டாலர்! அளவையாளர்கள் வந்தார்கள், போனார்கள், பேரம் முடியவில்லை, பாதை வரவில்லை. மறு ஆண்டு, 1888இல், யூனியன் பசிபிக் குழுமம் தன் பாதையைச் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, ஆறு மைல் தள்ளிப் போட்டது. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. நிக்கோடிமஸின் வணிகர்கள் கடைகளை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். மண்வெட்டியால் பதினோரு ஆண்டில் கட்டிய ஊரைச் சரிக்க, நகரத்து அலுவலகம் ஒன்றில் வரைபடத்தின் மீது ஒருவன் இழுத்த ஒரு கோடு போதுமானதாயிற்று.

துண்டறிக்கை ஹில் என்னவானார் என்று கேட்கத் தோன்றும். அவர் தன் பெயரிலேயே மேற்கே இன்னோர் ஊரை அமைத்தார், ஹில் சிட்டி. இருப்புப் பாதை அதன் வழியே போயிற்று. மாவட்டத் தலைமையிடமும் அதுவே ஆயிற்று. இயற்கை விதி என்கிறார்களே, அந்த விதிக்கு வெள்ளைத் தோல் வணிகரின் முகவரி மட்டும் எப்படியோ நன்றாகத் தெரிந்திருக்கிறது!

குழுமம் நிறம் பார்த்துத்தான் கோட்டைத் தள்ளிப்போட்டதா என்று ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். வெள்ளையர் ஊர்கள் பலவும் அவ்வாறே அழிந்தனவே என்று சுட்டலாம். உண்மை, அழிந்தன. அதனால்தான் 1890களில் கான்சாஸ் உழவர்கள் இருப்புப் பாதை முதலாளிகளையும் கிடங்குக்காரர்களையும் எதிர்த்து மக்கள் கட்சி கண்டு, 1892இல் மாநில ஆளுநர் பதவியையே பிடித்தார்கள். ஆனால் வழக்கின் முடிச்சு அங்கே இல்லை. அழிந்த ஊரின் வெள்ளையன் அடுத்த ஊருக்குப் போனால் கடன் கிடைக்கும், மனை கிடைக்கும், நாற்காலி கிடைக்கும். நிக்கோடிமஸ்காரனுக்கு அடுத்த ஊர் எது? முதலாளியின் கணக்கு எல்லா ஏழையையும் அடிக்கிறது. அடிபட்டவன் எழுந்து நிற்கவிடாமல் பிடித்துக்கொள்வது நிற வெறி. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவன் பாதிக் கண் குருடன்.

மெக்கேப் வாழ்வே இதற்குச் சான்று. பதவிக்காலம் முடிந்தபின் அவர் ஒக்லஹோமாவுக்குப் போய், 1890இல் லாங்ஸ்டன் என்ற கருப்பர் நகரைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். 1907இல் ஒக்லஹோமா மாநிலமாயிற்று. அம்மாநிலச் சட்டமன்றம் கூடியதும் இயற்றிய முதற் சட்டங்களில் ஒன்று என்ன? புகைவண்டியில் வெள்ளையருக்கும் கருப்பருக்கும் தனித்தனிப் பெட்டி! மெக்கேப் வழக்குத் தொடுத்தார். இருப்புப் பாதைக் குழுமங்களை எதிர்த்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 1914இல் தீர்ப்பு வந்தது. உயர்வகைப் பெட்டி வசதியைக் கருப்பருக்கு மறுப்பது சமநீதி ஆகாது என்று வாயால் சொன்னது மன்றம். வழக்கிட்டவர்கள் தாமே அவ்வாறு மறுக்கப்பட்டதாகக் காட்டவில்லை என்று கூறி மனுவைத் தள்ளியது கையால். அவர் வளர்த்த ஊருக்கு வராமல் ஒதுங்கிப் போனது புகைவண்டி. அவர் ஏறினால் ஒதுக்கி உட்கார வைத்தது அதே புகைவண்டி.

வண்டி போனபின்னும் நிக்கோடிமஸின் உழவர்கள் ஓடிவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடை போனது, கலப்பை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கோதுமை விளைவித்து, கோயில் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்ந்தனர். 1930களில் பஞ்சமும் புழுதிப் புயலும் ஒருசேர வந்தன. மழையற்ற ஆண்டுகளில், ஆழ உழுது புல்வேர் இழந்த மண், காற்றில் எழுந்து பகலை இரவாக்கியது. 1935இல் ஊரில் 76 பேர். 1950இல் 16 பேர். 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

ஆண்டுதோறும் ஜூலை இறுதியில், எங்கெங்கோ சிதறிய பிள்ளைகளும் பேரர்களும் நூற்றுக்கணக்கில் அவ்வூரில் கூடுகிறார்கள். அந்த விழாவின் வேர், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த 1834 ஆகஸ்ட் முதல் நாள். தமிழர் அந்த நாளை வேறொரு வகையில் நினைவில் வைக்கவேண்டியவர்கள். அடிமைக் கைகள் விடுபட்டபின் பிரிட்டிஷ் கரும்புத் தோட்டங்களுக்குப் புதிய கைகள் வேண்டியிருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறையிலிருந்து மொரீசியசுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேற்றப்பட்ட ஏழைகளில் நம்மவர் எத்தனை ஆயிரம்! அவர்கள் விழா எடுக்கும் நாளின் மறுபக்கத்தில் நம் முன்னோரின் கைநாட்டு இருக்கிறது.

இயற்கை வாதிகள் இதற்குள் புழுதிப் புயலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். “பார்த்தீரா, வானம் பொய்த்தது, ஊர் கெட்டது!” சரி, வானத்தை விடுவோம். அலுவலகத்துக்கு வருவோம்.

1920இல் அமெரிக்கா முழுவதும் 9,25,000 கருப்பின உழவர்கள் இருந்தனர். 1992இல் 20,000க்கும் கீழே. எந்தப் புயல் இவ்வளவு குறிபார்த்து அடிக்கும்? அந்நாட்டு வேளாண்மைத் துறையின் கடனை யாருக்குத் தருவது என்பதில் மாவட்டந்தோறும் உள்ள குழுக்களுக்குப் பெரும் அதிகாரம். குழுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர். விண்ணப்பம் பெறுவார்கள், கோப்பு உறங்கும், விதைப்புக் காலம் கடந்தபின் கடன் வரும், அல்லது பாதியாக வரும், அல்லது வராமலே போகும். பருவம் தப்பிய பணம் உழவனுக்குப் பணமா? பழைய கடனுக்கு நிலம் ஏலம் போகும். பக்கத்து நிலக்காரன் ஏலத்தில் நிற்பான். முறையீடு செய்யலாமே என்பீர்கள். முறையீட்டை ஆராயும் பிரிவையே ரீகன் ஆட்சி 1983இல் கலைத்துவிட்டது. அதன்பின் வந்த மனுக்கள் பல்லாண்டு ஆராயப்படாமலே கிடந்தன. இவை நம் மேடையில் புனைந்தவை அல்ல. கருப்பின உழவர்கள் வேளாண்மைத் துறைமீது தொடுத்த பிக்ஃபர்ட் வழக்கில், 1999இல், கூட்டரசு நீதிபதி ஒருவர் தம் தீர்ப்பில் எழுதியவை. நிக்கோடிமஸ் உழவர்களும் அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள். மெய்ப்பித்தவருக்குத் தலைக்கு 50,000 டாலர் இழப்பீடு. காலங்கடந்து மனுக் கொடுத்தோருக்காக 2010இல் இன்னொரு தீர்வு, 125 கோடி டாலர். நிலம்? நிலம் திரும்பவில்லை.

அரசு நிக்கோடிமஸை மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1976இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. 1939இல் கட்டிய கல் மண்டபத்தில் பயணிகளை வரவேற்கச் சீருடைக் காவலர் நிற்கின்றனர். ஊர் உயிரோடு இருந்தபோது ஓர் இரயிலைத் திருப்பிவிட மனமில்லாத நாடு, ஊர் ஒடுங்கியபின் பெயர்ப்பலகை நட்டு மரியாதை செய்கிறது. அந்தக் கல் மண்டபம் காக்கப்படுவது நல்லதே. நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அங்கே எஞ்சிய உழவனுக்குத் தேவைப்பட்டது கண்ணாடிப் பேழையன்று. நேரத்தில் கிடைக்கும் விதைக் கடன்.

2021இல் அமெரிக்க நாடாளுமன்றம், வஞ்சிக்கப்பட்ட இனங்களின் உழவர் கடனைத் தள்ளுபடி செய்ய ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வழிவகுத்துச் சட்டம் செய்தது. உடனே வெள்ளை உழவர்கள் சிலர் நீதிமன்றம் ஏறினர். தோலைப் பார்த்துச் சலுகையா என்று கேட்டனர். தோலைப் பார்த்து நூறாண்டு கடன் மறுத்தபோது எழாத அந்தக் கேள்வி அன்று எழுந்தது! மன்றங்கள் தடை போட்டன. 2022இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, இனத்தைக் குறிக்காமல், துறையின் கடனில் பாகுபாட்டுக்கு ஆளானவர் எவரும் கேட்கலாம் என்று வேறொரு திட்டம் வந்தது. 43,000 பேருக்கு மேல் ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டபோது, ஆண்டு 2024. நிக்கோடிமஸின் தலைக்கணக்கு 14 என்று எழுதி அதற்குள் நான்காண்டு ஆகியிருந்தது.